நடுவில் நிற்பவருக்கு: பிலேமோன் நிருபத்தைப் பார்த்து ஒரு சமாதானக் கடிதம் எழுதுவது எப்படி

இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், இரண்டு பேருமே உங்களுக்கு வேண்டியவர்கள், தப்பு செய்தவர் உங்களிடம் வந்து "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பாரு" என்று நிற்கிறார். இந்த இடத்தில் நான் ஒருமுறை நன்றாகச் சொதப்பியிருக்கிறேன். "நடந்தது நடந்துபோச்சு, மன்னிச்சு விட்டுடுங்க" என்று மூன்று வரி அனுப்பினேன், அந்த மனிதர் என்னோடும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம்தான் ஆதி கிறிஸ்தவ அப்போஸ்தலரான பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதின நிருபத்தை, அதாவது கடிதத்தை, எந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படித்தேன். மொத்தமே 25 வசனம், கிரேக்க மூலத்தில் 335 சொல், பவுலின் கடிதங்களிலேயே சின்னது. பைபிளில் பக்கம் புரட்டும்போது தீத்து, எபிரெயர் என்ற நிருபங்களுக்கு நடுவே கண்ணில் படாமலே போய்விடும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிலேமோன் கொலோசே ஊரில் இருந்த ஒரு வசதியான கிறிஸ்தவர், அவர் வீட்டிலேயே சபை கூடும். கொலோசே இன்றைய துருக்கியில், லைக்கஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. அவருடைய அடிமை ஒநேசிமு. ஏதோ நடந்து ஒநேசிமு வீட்டைவிட்டு விலகி, சிறையில் இருந்த பவுலிடம் வந்து சேர்கிறார், அங்கே விசுவாசி ஆகிறார். அந்தச் சிறை ரோமாவிலா எபேசுவிலா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு இங்கே அது முக்கியமில்லை. அவரைத் திருப்பி அனுப்பும்போது பவுல் கொடுத்துவிட்ட கடிதம்தான் இது. ரோமச் சட்டப்படி ஓடிப்போன அடிமையை எஜமான் சங்கிலியில் போடலாம், நெற்றியில் சூடு போடலாம், கழுத்தில் இரும்பு வளையம் மாட்டலாம். அப்படிப் பிடித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் ஒவ்வொரு சொல்லின் எடையும் தெரியும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. யாருக்காகப் பேசப்போகிறீர்களோ அவரோடு கொஞ்ச காலம் இருங்கள். ஒநேசிமு வந்த அன்றே பவுல் பேனாவை எடுத்ததாகத் தெரியவில்லை. சிறையில் தனக்கு ஊழியம் செய்ய இவரை வைத்துக்கொள்ள மனதிருந்தது என்று 13ஆம் வசனத்தில் எழுதுகிறார், அப்படிச் சொல்லும் அளவுக்குப் பழகியிருக்கிறார். ஆளைத் தெரியாமல் ஜாமீன் நிற்காதீர்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், இதைச் சொல்லாமல் போனால் இந்த வழிகாட்டியே ஆபத்தானது. திரும்பிப் போகிறவர் அடிபடப் போகிறாரா? இந்தக் கடிதத்தை மிக மோசமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1850இல் ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கச் சட்டம் வந்தபோது, பவுலே ஒப்படைத்தாரே என்று மேடையில் நின்று சொன்ன போதகர்கள் உண்டு. அதற்கும் முன்பு, 1833இல், சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர் ஜார்ஜியாவில் அடிமைகளிடம் இந்த நிருபத்தை வைத்து "ஓடிப்போவது தப்பு" என்று பிரசங்கம் செய்தார், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். எழுந்து போனவர்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்பேன், ஏனென்றால் அந்தப் பிரசங்கம் 16ஆம் வசனத்தை விழுங்கிவிட்டது: இனிமேல் அவனை அடிமையாக இல்லை, அடிமைக்கு மேலாக, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள். சமாதானம் என்ற பெயரில் பலவீனமானவரைப் பழைய இடத்துக்கே தள்ளுவதாக இருந்தால் கடிதமே எழுத வேண்டாம். அந்த வீட்டில் அவருக்குப் புதுசாக ஒரு இடம் கேட்கத் துணிவிருந்தால் எழுதுங்கள்.

சரி, எழுதத் தொடங்கியாயிற்று. முதல் வரியில் விஷயத்துக்கு வராதீர்கள். பவுல் நாலாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் வரை பிலேமோனைப் பற்றி மட்டுமே பேசுகிறார். ஐஸ் வைக்கிறார் என்று தோன்றலாம், கொஞ்சம் வைக்கத்தான் வைக்கிறார். ஆனால் நீங்கள் நல்லவர், வல்லவர் என்று காற்றில் பேசவில்லை, உம்மால் பரிசுத்தவான்களின் (சக விசுவாசிகளின்) உள்ளம் இளைப்பாறியது என்று அவர் செய்த ஒரு காரியத்தைப் பிடித்துச் சொல்கிறார். நீங்களும் அப்படி ஒரு காரியத்தைத் தேடுங்கள், அவர் நிஜமாகவே செய்ததாக, நீங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும்.

அந்த "உள்ளம்" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கிரேக்கத்தில் அது ஸ்ப்ளாங்னா, நேர் பொருள் குடல், வயிற்றின் உள்ளே இருப்பது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நாம் சொல்வோமே, அந்த இடத்திலிருந்து வருகிற சொல். 7ஆம் வசனத்தில் உம்மால் அந்த உள்ளங்கள் இளைப்பாறின என்கிறார். 12இல் ஒநேசிமுவைக் காட்டி, இவன் என் உள்ளமேதான் என்கிறார். 20இல் என் உள்ளத்தை இளைப்பாறப் பண்ணும் என்று முடிக்கிறார். மூன்று இடத்தில் போட்ட முடிச்சு. பாராட்டில் சொன்ன அதே சொல்லையே கடைசியில் வேண்டுகோளாகத் திருப்பித் தருகிறார், பிலேமோன் ஏற்கெனவே ஊருக்கே செய்துகொண்டிருந்ததை இன்னொரு ஆளுக்கும் செய்யச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது.

அடுத்தது பெயர். பெயரைக் கேட்டதும் அந்த மனிதருக்கு முகம் சிவக்கும் என்று தெரிந்தால் அதைத் தள்ளிப் போடுங்கள். ஒநேசிமு என்ற பெயர் 10ஆம் வசனம் வரை வரவே வராது, அந்த வசனத்திலும் கிரேக்கத்தில் அதுதான் கடைசிச் சொல். "என் பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறேன்", யார் அந்தப் பிள்ளை, "விலங்கில் இருக்கும்போது பெற்றவன்", அதற்கப்புறம்தான் பெயர். எஜமானுக்குக் கோபம் வருமுன் அந்த ஆள் பவுலுக்குப் பிள்ளையாகிவிட்டார். உடனே ஒரு சிலேடையும் வருகிறது. ஒநேசிமு என்றால் பயனுள்ளவன் என்று பொருள், அடிமைகளுக்கு நிறைய வைக்கப்பட்ட பெயர். "முன்னே அவன் உமக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்பொழுதோ உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன்." எஜமான் மனதில் ஓடும் புகாரை எஜமானுக்கு முன்பாக இவரே சொல்லிவிடுகிறார், அதையும் லேசாகச் சிரிக்க வைத்து. சிலேடை உங்களுக்கு வராது என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் புகாரை நீங்களே முதலில் சொல்வதை விடாதீர்கள்.

தப்பை எப்படி எழுதுவது? இங்கேதான் என் மூன்று வரி செத்தது. "நடந்தது நடந்துபோச்சு" என்றால் கேட்பவருக்கு, உன் இழப்பு ஒன்றுமில்லை என்று காதில் விழும். பவுல் தப்பைக் கழுவவும் இல்லை, பட்டியல் போடவும் இல்லை. ஓடிப்போனான் என்ற சொல்கூடக் கடிதத்தில் கிடையாது, நாம் அப்படிப் படித்துப் பழகிவிட்டோம். அவர் எழுதுவது இவ்வளவுதான்: அவன் உமக்கு ஏதாவது அநியாயம் செய்திருந்தால், ஏதாவது கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்."

இந்த வரிக்காகத்தான் நான் இந்த நிருபத்தை எடுத்ததே. கணக்கில் வைப்பது என்பதற்கு அவர் போடும் கிரேக்கச் சொல் வியாபாரப் பேரேட்டுச் சொல். முந்தின வசனத்தில், என்னை உம் கூட்டாளி என்று நினைத்தால் அவனை என்னைப்போலவே ஏற்றுக்கொள்ளும் என்கிறாரே, அந்தக் கூட்டாளி என்ற சொல்லும் வியாபாரத்தில் புழங்கியதுதான். அடுத்து ஒரு காரியம் செய்கிறார். அந்தக் காலத்தில் கடிதத்தைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது வழக்கம். 19ஆம் வசனத்தில், "பவுலாகிய நானே இதை என் சொந்தக்கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று வருகிறது. ஒரு கையில் விலங்கு, இன்னொரு கையில் நாணல் பேனா, கடன் பத்திரத்தில் போடுவதுபோல ஒரு கையெழுத்து என்றே எனக்குத் தெரிகிறது. சிறையில் இருப்பவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பிலேமோன் யோசித்திருக்கலாம். இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது, பெயர் இருக்கிறது.

ஆக, "மன்னியுங்கள்" என்று எழுதுமுன் உங்களையே கேளுங்கள்: இந்த இழப்பில் எந்தப் பங்கை நான் ஏற்கிறேன்? பணமாக இருந்தால் எவ்வளவு, எப்போது. உடைந்த வேலையாக இருந்தால் நான் எத்தனை நாள் வந்து உதவுவேன். போன நம்பிக்கையாக இருந்தால், இன்னொரு முறை இவர் தவறினால் முதலில் என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியுமா? எதையுமே ஏற்க மனமில்லையென்றால் நீங்கள் நடுவில் நிற்கவில்லை, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு அறிவுரை சொல்கிறீர்கள். இன்னொரு விஷயம், இந்தக் கடிதத்தில் "மன்னி" என்ற வேண்டுகோளே எங்கும் இல்லை. கொலோசே சபைக்குப் போன நிருபத்தில், கொலோசெயர் 3:13இல், மன்னிப்பதற்கு வரும் கிரேக்க வினை இங்கே 22ஆம் வசனத்தில் வரத்தான் வருகிறது, ஆனால் வேறு பொருளில், நான் உங்களுக்கு அருளப்படுவேன் என்று. அந்தச் சொல்லைக் கேட்காமலே அது செய்யும் வேலையை எல்லாம் கேட்டுவிடுகிறார்.

கட்டளை போடாதீர்கள், போட முடிந்தாலும். கட்டளையிடத் தனக்குத் துணிவு உண்டு, ஆனால் அன்பினிமித்தம் வேண்டிக்கொள்கிறேன் என்கிறார் பவுல். உம் சம்மதமில்லாமல் எதையும் செய்ய மனமில்லை, உம் நன்மை கட்டாயத்தால் வந்ததுபோல் இருக்கக்கூடாது என்கிறார். அழகுதான். ஆனால் அதே மூச்சில் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல, நீரே உம்மை எனக்குக் கடன்பட்டிருக்கிறீர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று சொல்லியும் விடுகிறார். கடிதமும் பிலேமோனுக்கு மட்டும் போகவில்லை, அப்பியாள், அர்க்கிப்பு என்ற இருவருக்கும், வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்துத்தான். நடுவில் முழுக்க "நீர்" என்று ஒருமையில் பேசினாலும், சபை முழுக்க உட்கார்ந்து கேட்கும்போது பிலேமோன் எப்படி முடியாது என்று சொல்வார்? இந்த இரண்டையும் நான் பின்பற்றமாட்டேன். பழைய உதவியைச் சொல்லிக்காட்டினால் நம்மில் பலருக்கு அது மிரட்டலாகத்தான் வெளிவரும். குடும்ப வாட்சப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்பதும் அப்படியே. பவுலுக்கு அந்த மனிதரோடு இருந்த உறவு தாங்கியது, உங்களுடையது தாங்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

யார் கொண்டுபோவது என்பதும் கடிதத்தின் பாதி. கொலோசெயர் 4:7-9இல் பவுலின் உடன் ஊழியரான தீகிக்குவும் ஒநேசிமுவும் சேர்ந்து வருவதாக இருக்கிறது. கதவைத் தட்டும்போது தப்பு செய்தவரே நிற்கிறார், பக்கத்தில் ஒரு துணையும் நிற்கிறது. தனியாக அனுப்பாதீர்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் மட்டும் போகவும் செய்யாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கடிதம் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளைய பிளினி என்ற ரோமப் பிரபு, சபினியானுஸ் என்ற நண்பருக்கு, அவருடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவருக்காக எழுதியது. அவன் என் காலில் விழுந்து அழுதான், நான் நன்றாகத் திட்டிவிட்டேன், அவன் சின்ன வயசுக்காரன், கோபம் உனக்குத்தான் வேதனை என்று போகும். பிளினி எதையும் தன் கணக்கில் எழுதவில்லை. ஆனால் அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பழையபடி நேசிப்பாய் என்று நம்புகிறேன், இப்போதைக்கு மனம் இளகினால் போதும் என்கிறார். அளவோடு கேட்பது. காயம் பட்டவரிடம் முதல் நாளே கட்டிப்பிடிக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, போய்ப் பாருங்கள். எனக்கு ஒரு அறையை ஆயத்தம் பண்ணும், வருவேன் என்று நம்புகிறேன் என்று பவுல் 22ஆம் வசனத்தில் போட்டுவிடுகிறார். ஒநேசிமு எந்த வேலையில் இருக்கிறார், எங்கே படுக்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்பதை நேரில் பார்க்க ஒருவர் வரப்போகிறார் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். நீங்களும் எப்போது வருவீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். நல்லபடியாக முடிந்தால் ஒரு நன்றிக் குறிப்பும் அனுப்பலாம், பிளினி அனுப்பினார். ஆனால் மனிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை, இனிமேல் யாரும் வந்து கேட்காவிட்டாலும் உன் ஆட்களிடம் இளகு என்று அதிலேயே ஒரு அறிவுரையையும் சேர்த்துவிட்டார். அந்த வரியை மட்டும் நீங்கள் விட்டுவிடுங்கள்.