டிமென்ஷியா பராமரிப்புப் பாடத்தைக் கொழும்பு வீடுகளுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி

நினைவையும் சிந்தனையையும் நடத்தையையும் குலைக்கும் மூளை நோயான டிமென்ஷியா உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஐசப்போர்ட் (iSupport) என்ற இணையவழிப் பாடத்தை வெளியிட்டது. நோய் அறிமுகம், பராமரிப்பாளராக இருத்தல், தன்னைக் கவனித்தல், அன்றாடப் பராமரிப்பு, நடத்தை மாற்றங்கள் என 5 பிரிவுகளில் 23 பாடங்கள். உள்ளூருக்கு ஏற்ப மாற்றுவதற்கான வழிகாட்டியும் அதனுடன் உண்டு. அதை முதலில் படியுங்கள். இலவசமாகத்தான் கொடுக்கவேண்டும் என்பது உட்பட உரிம நிபந்தனைகளையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழாக்கி வட்ஸ்அப்பில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தவறிப்போகின்றன. 1975க்குப் பின் அகதிகளாக அவுஸ்திரேலியா போய் அங்கேயே முதுமையடைந்த வியட்நாமியரைப் பாருங்கள். பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவ, தாய்மொழி மட்டும் மிஞ்சுகிறது. பெற்றோரைப் பார்ப்பது பிள்ளையின் கடன், வெளியில் உதவி கேட்பது வெட்கம் என்ற எண்ணமும் பல வீடுகளில் உண்டு. அவர்களுக்குச் சொல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதாது. கொழும்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதற்குக் கிட்டத்தான்.

நோயின் பெயரை முதலில் தீர்மானியுங்கள். 'முதுமை மறதி' என்றால் வயது போனால் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடுவார்கள். மறதியைத் தவிர்ந்த அறிகுறிகளும் கண்ணில் படாது. வயதாகிப் புத்தி தடுமாறுவதை யாழ்ப்பாணத்தார் 'அறளை பேர்ந்திட்டுது' என்பார்கள்; அது ஏளனம். ஆனாலும் முதல் பாடத்தில் ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லி, 'அது குணமில்லை, மூளையில் வரும் நோய்' என்று விளக்குங்கள். கேட்பவர் தன் வீட்டை அடையாளம் காண்பது அந்த இடத்தில்தான். பிறகு கடைசிவரை டிமென்ஷியா என்ற ஒரே சொல்லையே வையுங்கள். 'விசர்' என்பதை எந்த உதாரணத்திலும் விடாதீர்கள்.

அடுத்தது ஆட்கள். மொழிபெயர்ப்பவர் ஒருவர், டிமென்ஷியா நோயாளரைப் பார்க்கும் வைத்தியர் அல்லது தாதி ஒருவர், வீட்டில் பராமரிப்பவர்கள் 6 முதல் 8 பேர். பராமரிப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார் அதிகம் வாழும் வெள்ளவத்தையில் இருந்தே வந்தால் பாடம் யாழ்ப்பாணத் தமிழில் மட்டும் நிற்கும். கொட்டாஞ்சேனையில் மலையக வேர் உள்ள ஒரு வீடு, மருதானையில் ஒரு முஸ்லிம் வீடு, சம்பளத்துக்குப் பார்க்கும் உதவியாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். விளக்கத்தை எளிய பொதுத் தமிழில் எழுதி, உரையாடல்களை மட்டும் அந்தந்த வீட்டுப் பேச்சில் விடுங்கள்.

பாடத்தை வாசித்துக் காட்டிவிட்டு 'விளங்கிச்சோ?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் 'ஓம்' என்பார்கள். 'இதை உங்கட மாமிக்கு எப்படிச் சொல்லுவியள்?' என்று கேளுங்கள். தடுமாறும் வரியைத் திருத்தி, இன்னொருவரிடம் சோதியுங்கள்.

உதாரணங்களைத்தான் அதிகம் மாற்றவேண்டும். 'வீட்டை போகோணும்' என்ற பேச்சை எடுங்கள். மாலையானதும் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறா. அவ கேட்கும் வீடு 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் விட்டுவந்த வீடாக இருக்கலாம், இன்று கூரையே இல்லாமலும் இருக்கலாம். 'அந்த வீடு இடிஞ்சு போச்சு, இதுதான் வீடு' என்று திருத்தினால் அவ அந்த இழப்பை முதன்முதலாகக் கேட்பதுபோல அழுவா. நாளையும் கேட்பா, நாளையும் அழுவா. பாடத்தில் மருமகள் இப்படிப் பேசட்டும்: 'ஓம் மாமி, கிணத்தடியிலை என்ன மரம் நிண்டது?' இரண்டு நிமிடம் கதை, பிறகு தேத்தண்ணி, பிறகு வேறு வேலை. பசியா, மூத்திரம் முட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலின்கீழ் ஒளிபவருக்கும், கதவு தட்டினால் 1983 இனக்கலவரத்தை நினைத்து நடுங்குபவருக்கும் ஒரு பாடம் தேவை. மூலத்தில் இல்லாவிட்டால் நீங்கள் எழுதிச் சேர்க்கவேண்டும்.

நகைக் களவுப் பழி இன்னொன்று. காப்பைத் தானே ஒளித்துவிட்டு, வேலைக்கு வரும் பிள்ளை எடுத்துவிட்டாள் என்பார்கள். வாதிடாமல் கூடத் தேடுவது, வழக்கமாக ஒளிக்கும் இடங்களைக் குறித்து வைப்பது, பெறுமதியான நகையை முன்கூட்டியே வங்கிப் பெட்டகத்தில் வைப்பது ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். வேலைக்கு வருபவரைப் பொலிஸுக்கு இழுக்கும் முன் வீட்டார் கேட்கவேண்டிய பாடம் இது.

பாதுகாப்புப் பகுதியில் கொழும்பு தெரியவேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நடந்தால் ரயில் பாதை, மறுபக்கம் காலி வீதி. அடுக்குமாடியில் லிஃப்ட், பால்கனி. காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை இரவில் மூடுவது, சாமியறையில் எண்ணெய் விளக்குக்குப் பதில் மின்விளக்கு, சட்டைப் பையில் மும்மொழியிலும் எழுதிய பெயரும் தொலைபேசி எண்ணும். சிங்களம் மறந்தவர் தெருவில் வழிதவறினால் அந்தத் துண்டுதான் அவருக்காகப் பேசும்.

பராமரிப்பவர் தனக்குப் பிடித்ததைச் செய்ய நேரம் ஒதுக்குவது பற்றிய பாடத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் சுயநலம்போல ஒலிக்கும். மருமகள்மார் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 'நீங்கள் விழுந்தால் அவவை ஆர் பார்க்கிறது?' என்று தொடங்குங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு சிறு பாடம் செய்யுங்கள். வீடியோ அழைப்பில் 'அம்மா, நான் ஆர் சொல்லுங்கோ?' என்று பரீட்சை வைக்காமல், 'நான் உங்கட மகள், ரொறன்ரோவிலை இருந்து கதைக்கிறன்' என்று அவர்களே சொல்லவேண்டும். காசு அனுப்புவதோடு, பார்ப்பவருக்கு மாதம் எத்தனை நாள் ஓய்வு என்பதையும் அவர்கள் பேசித் தீர்க்கவேண்டும்.

மாற்றக்கூடாதவையும் உண்டு. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால் டிமென்ஷியா முற்றிவிட்டது என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ புதிய மருந்தோ காரணமாகலாம், உடனே வைத்தியரிடம் போகவேண்டும். நிமிர்த்தி இருத்தி உணவு கொடுத்து, பிறகும் அரை மணிநேரம் படுக்கவிடக்கூடாது. சொதியில் குழைத்த இடியப்பம் என்று உணவை மாற்றலாம், இந்த விதியைத் தொடக்கூடாது. மருத்துவ வரிகளை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும்போது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டாதீர்கள். கைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். ஒரு பாடத்தை 5 நிமிடக் குரல்பதிவாக உடைத்து, வாரத்துக்கு இரண்டு அனுப்புங்கள், சமைத்துக்கொண்டே கேட்கலாம். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தேசிய மனநல உதவி எண் 1926ஐயும், மருதானையில் உள்ள லங்கா அல்சைமர் பவுண்டேஷனையும் சொல்லுங்கள். நோயாளரின் படமும் வீடியோவும் குழுவுக்குள் வரக்கூடாது என்பதை முதல் நாளே எழுதிப் போடுங்கள். இரவு 11 மணிக்கு யாராவது 'இனி ஏலாது' என்று எழுதினால், குழுவில் ஆறுதல் வரி போடாமல் அவரை நேரே அழைத்துக் கதைக்க ஒருவர் முறைவைத்து இருக்கவேண்டும்.