குறைந்தால் மட்டும் போதுமா? கோட்டுத் தேடலில் சறுக்கும் இடங்கள்

மட்டக்களப்பு வாவியில், இருட்டில், ஆழமான இடம் தேடித் தோணியில் போகிறீர்கள் என்று வையுங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஒரு கேள்வி. அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போவது என்பது இன்னொன்று. ஒரு சார்பின் மிகக் குறைந்த பெறுமானத்தை, அதாவது இழிவை, அடி அடியாகத் தேடும் கணினிக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். இந்த இரண்டாவதுக்குத்தான் கோட்டுத் தேடல், அதாவது லைன் சேர்ச்.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் பிள்ளைகள் கணினிக் கோட் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் தேடுவது ஒரு வரியைத்தான்: 'சார்பின் பெறுமானம் குறைந்ததா? அடியை ஏற்றுக்கொள்.' வில்லங்கமே அதில்தான். ஓர் எண்ணின் வர்க்கத்தை இழிவாக்க வேண்டும். 2இல் தொடங்கி −1.5, 1.25, −1.125 என்று தாவுங்கள். பெறுமானம் 4, 2.25, 1.56, 1.27 என்று குறைந்துகொண்டேதான் வருகிறது. ஆனால் அது 1க்குக் கீழே இறங்கவே இறங்காது, இழிவோ 0. கம்பு ஊன்றும் ஒவ்வொரு தடவையும் ஆழம் கூடுகிறது, தோணி மட்டும் இரண்டு கரைக்கும் நடுவே அலைகிறது.

ஆர்மிஜோ 1966இல் தந்த நிபந்தனை இதைத் தடுக்கிறது: படித்திறன், அதாவது நிற்கும் இடத்தின் சரிவு, காட்டும் இறக்கத்தில் ஒரு சிறு பங்காவது கிடைக்க வேண்டும். வழக்கமான பங்கு 0.0001. மேலே சொன்ன முதல் தாவல்கள் இதில் தப்பிவிடும். போகப் போகக் கிடைக்கும் பங்கு சுருங்குவதால் பிறகு பிடிபடும்.

இதற்குப் பயந்து, கோட்டின் மிகச் சரியான இழிவையே தேடுவதும் வீண். அடுத்த அடியில் திசை எப்படியும் மாறப்போகிறது. சரிவோடு வளைவையும் பார்த்துத் திசை சொல்லும் நியூட்டன் முறையில் 'பாதுகாப்புக்காக' அடி நீளத்தை 0.1இல் தொடங்குபவர்களும் உண்டு. முதலில் 1ஐப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த முறையின் வேகமே போய்விடும். வளைவை மதிப்பிட்டுக்கொண்டே போகும் பி.எஃப்.ஜி.எஸ். முறை என்றால் வுல்ஃபின் வளைவு நிபந்தனையும் வேண்டும்: புதிய இடத்தில் அந்தத் திசையின் சரிவு, பழைய சரிவின் ஒரு பங்குக்குள் தணிந்திருக்க வேண்டும். அந்தப் பங்குக்கு வழக்கமான 0.9ஐ, முந்தைய திசையையும் சேர்த்துத் திசை எடுக்கும் இணைப்படித்திறன் முறைக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அங்கே 0.1.

அப்புறம், அடி பாதி பாதியாகி முடிவே வராவிட்டால் திசையைப் பாருங்கள். படித்திறனோடு அதன் எண்ணிப் பெருக்கம் மறையாக இருக்க வேண்டும், அதாவது திசை இறக்கத்தில் போக வேண்டும்.

என் ஓர் இரவைத் தின்றது வேறொன்று. மறை எண்ணுக்கு மடக்கை எடுத்து, விடை 'எண் அல்ல' (NaN) என்று வந்தது. 'பெறுமானம் பெரிதாக இருக்கும்வரை பாதியாக்கு' என்று எழுதியிருந்தேன். எண் அல்லாதது எதையும்விடப் பெரிதல்ல. ஆகவே கணினி சந்தோஷமாக அந்த அடியை ஏற்றுக்கொண்டது. இப்போது 'நிபந்தனை நிறைவேறாதவரை பாதியாக்கு' என்று மாற்றி எழுதுகிறேன்.