பழைய காரின் கிளட்ச்: கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்

சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் போகும் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு என் மாருதி 800-இல் முதல் கியர் விழ மறுத்தது. பட்டறையில் பெடலை ஒருமுறைகூட மிதித்துப் பார்க்காமல், "பிளேட் போச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். அன்றிரவு டார்ச் விளக்குடன் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் குனிந்து பார்த்தபோது, பெடலில் கோத்திருந்த கேபிள் முனையில் ஏழெட்டு இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன. கேபிளை மட்டும் மாற்றியதும் கியர் பழையபடி விழுந்தது.

கிளட்ச் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். பெடலை விட்ட பிறகும் பிளேட் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடு) இறுகப் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று. பெடலை முழுதும் மிதித்த பிறகும் பிளேட் எஞ்சினை விட்டு விலகாமல் இழுபடுவது மற்றொன்று. எது என்று தெரியாமல் பிளேட்டுக்குச் செலவழிப்பது வீண்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தம் தெரிவதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் அந்தச் சிறு தூரத்தைப் பட்டறையில் 'ஃப்ரீ பிளே' என்பார்கள். கேபிள் வண்டிகளில் அது அறவே இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விலக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், பிடி தளர்ந்து கிளட்ச் வழுக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி தானாகவே குறைவதால், நெடுநாள் சரிசெய்யப்படாத வண்டியில் பிளேட் தீர்ந்துபோவதற்கு முன்பே வழுக்கல் தொடங்கிவிடுவதுண்டு. இடைவெளி அளவுக்கு மேல் கூடினால் விளைவு நேர்மாறானது: பிளேட் விலகாது, கியர் கரகரக்கும். இரண்டையும் கேபிளின் மறுமுனையிலுள்ள நட்டைத் திருகியே சரிசெய்யலாம். எவ்வளவு என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்பாசடர் போன்ற வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாகத் திரவமே அழுத்தத்தைக் கடத்துகிறது. பெடலை நான்கைந்து முறை தொடர்ந்து மிதித்ததும் கியர் எளிதாக விழுகிறதென்றால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். கீழே கிளட்ச் பக்கமுள்ள மற்றொரு சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் கசிவு அங்கேதான்.

வழுக்கலை உறுதிசெய்ய, ஆள் நடமாட்டமில்லாத அதிகாலையில் சுற்றுச்சாலைக்குச் செல்லுங்கள். நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் திடீரென ஏற, வேகமுள் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டர் கிடையாது, ஆகவே காதையே நம்ப வேண்டும். சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் வண்டி சோர்ந்து இழுத்தால் கிளட்ச்சைக் குறைசொல்லாதீர்கள். கார்புரேட்டரையோ ஏர் ஃபில்ட்டரையோ பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையோ பாருங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் பெடலை மெல்ல விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் அது பிளேட்டைச் சூடாக்குவதோடு, பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நம்பிச் செய்ய வேண்டியதாகவும் இருப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போதுதான் வழுக்கல் முதன்முதலாக வெளிப்படும் என்பதால், கருகிய நாற்றம் வரும்வரை காத்திருக்காமல் சமதரையிலேயே இதைச் சோதித்துவிடுவது நல்லது.

விலகாத கிளட்ச்சைக் கண்டறிவது இன்னும் எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்ச்சிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. அணைந்திருக்கும்போதும் விழவில்லையென்றால் கியர் தண்டைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்க்கேஜைப் பார்க்க வேண்டும். பெடலை முழுதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள்; அப்போதும் கரகரத்தால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சத்தத்தைப் பொறுத்தவரை, பெடலை மிதிக்கும்போது வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளிருக்கும் பேரிங். கிளம்பும்போது வண்டி உதறினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை முதலில் ஆட்டிப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

இத்தனைக்குப் பிறகும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், இறக்கும்போது அருகில் நில்லுங்கள். பழைய பிளேட்டின் தூளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிளேட்டில் ரிவெட் தலைகள் மேற்பரப்பை எட்டியிருந்தால் அது தேய்ந்துவிட்டது. தேயாமல் எண்ணெய் படிந்து பளபளத்தால், புதுப் பிளேட்டை மாட்டுவதற்கு முன் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் கியர்பாக்ஸ் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவை விட்டுவைத்தால் புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து மறுபடியும் வழுக்கும்.