பத்தடி அகல வீட்டில் ஐந்து பேர்: தரையை மீட்பது எப்படி

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள பழைய வீடுகள் பலவற்றுக்கு ஒரே உருவம்தான். அகலம் பத்துப் பன்னிரண்டு அடி. நீளம் மட்டும் தெருவிலிருந்து புறவாசல் வரை போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அரங்கு (சாமான் வைக்கும் உள்ளறை), அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் வளவு வீடென்றால் இதிலும் பாதிதான். 350, 400 சதுர அடிக்குள், வயதான ஆச்சியோ தாத்தாவோ உட்பட ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதியது இது.

அறைகள் வரிசையாக இருக்கும் வீட்டில், ஓர் அறையில் சேரும் சாமான் அந்த அறையோடு நிற்பதில்லை. அடுக்களைக்குப் போகிறவர் பட்டாசலைக் கடந்துதான் போகவேண்டும். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லாததால் காற்றும் அதே பாதையில்தான் வாசலிலிருந்து புறவாசலுக்குப் போகிறது. அந்த நேர்கோட்டில் ஒரு பீரோ நின்றால் ஆளுக்கும் வழியில்லை, காற்றுக்கும் வழியில்லை. அதனால் சாமானைக் குறைப்பதில் முதல் வேலை சாமானை எண்ணுவதல்ல, தரையை அளப்பது.

எங்கே தொடங்குவது

பெரும்பாலோர் பரணில் கை வைக்கிறார்கள். பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கி, பட்டாசல் நிறைந்து, படுக்க இடமில்லாமல் இரண்டு நாள் கழித்து அப்படியே மேலே ஏறிவிடும். பரண் கடைசி. முதலில் தரை, அடுத்து அடுக்களை, பிறகு துணி, அதன் பிறகுதான் பரண். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம் போதும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

வாசல் நிலையிலிருந்து புறவாசல் நிலை வரை இரண்டரை அடி அகலத்துக்குச் சாக்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்குள் காலை நீட்டும் எதுவும் முதலில் இடம் மாறவேண்டும். பீரோவுக்கு, கதவு திறக்கும் இடத்தையும் சேர்த்து அளக்கவேண்டும்.

பன்னிரண்டுக்குப் பத்து பட்டாசல் 120 சதுர அடி. இரட்டைக் கட்டில் 30 சதுர அடியைப் பிடிக்கும். மூன்று பேர் உட்காரும் சோபா 15. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் கணக்கில் சாப்பாட்டு மேசை இன்னொரு 30. பீரோவும் அதன் கதவும் 9. மொத்தம் 84. மிச்சமுள்ள 36 சதுர அடியில்தான் ஐந்து பேரும் புழங்குகிறார்கள்.

பாயில் ஓர் ஆள் படுக்க ஆறுக்கு இரண்டரை, அதாவது 15 சதுர அடி வேண்டும். நாலு பேருக்குப் பாய் 60, வயதானவருக்கு ஒற்றைக் கட்டில் 18, நடைபாதை 30. ஆக 108. இரவில் ஐந்து பேரும் நீட்டிப் படுக்கலாம். விடிந்து பாயைச் சுருட்டிவிட்டால் கிட்டத்தட்ட நூறு சதுர அடி திரும்பக் கிடைக்கிறது. அங்கேதான் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, விருந்தாள் உட்காருவது எல்லாம். இரட்டைக் கட்டிலையும் சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் கொடுத்துவிடுவது கஷ்டமான முடிவுதான். ஆனாலும் சின்ன வீட்டில் இதைவிடப் பெரிய பலன் தரும் காரியம் வேறில்லை. வயதானவரின் கட்டிலை மட்டும் தொடக்கூடாது. முழங்கால் வலியுள்ளவரைத் தரையில் படுக்க வைத்துவிட்டு எளிமை என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பாய்

பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்யும் மெல்லிய பட்டுப்பாய் கல்யாணத்துக்கு. தினம் படுக்க முரட்டுக் கோரைப்பாய்தான் வேண்டும். பிளாஸ்டிக் பாய் விலை குறைவு, ஆனால் சித்திரை வெயிலில் முதுகு வியர்த்து ஒட்டும்.

கோரை பாயின் அகலவாக்கில் ஓடுகிறது, நூல் நீளவாக்கில். ஆகவே தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குச் சுருட்டினால் கோரை வளையாது. அகலத்தை இரண்டாக மடித்தால் நடுவில் ஒடிந்து, சில மாதத்தில் அந்தக் கோட்டிலேயே கிழியும். எழுந்த உடனே சுருட்டவும் கூடாது. கால்மணி நேரம் விரித்தபடி விட்டு வியர்வை ஈரம் போனபின் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். நனைந்தால் நிழலில் காயப்போடுங்கள். கடும் வெயிலில் கோரை மொறுமொறுத்து உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருட்டியபடியே நாள்கணக்கில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். போர்வை, தலையணைக்குத் தனி அலமாரி வேண்டாம்: ஆச்சியின் கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினால் அடியில் இரண்டு டிரங்குப்பெட்டி போகும். நாலு காலும் ஒரே மட்டமாக, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஏற்றுவது

தரையிலிருந்து எடுத்ததைச் சுவரில் ஏற்றத்தான் எல்லோருக்கும் தோன்றும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் இங்கேதான் ஏமாற்றம். 8 மி.மீ. டிரில் போடும்போது கொட்டும் தூளைப் பாருங்கள். சிவப்பாகக் கொட்டினால் செங்கல், ஆணி நிற்கும். வெள்ளையாகவோ மணலாகவோ கொட்டிக்கொண்டே இருந்தால் அது இணைப்புக் காரை. பிளக் உள்ளேயே சுற்றும். அந்த ஓட்டையை அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் மேலோ கீழோ போடுங்கள். மேல்பூச்சே முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கும் என்பதால் சின்ன பிளக் பூச்சோடு நின்றுவிடும், 65 மி.மீ. திருகும் அதற்கேற்ற நீளப் பிளக்கும் வாங்குங்கள். அரிசி, எண்ணெய் டின், கிரைண்டர் ஆகியவை எப்போதுமே சுவர்ப்பலகைக்கு ஆகாது.

வாடகை வீடென்றால் டிரில்லே வேண்டாம். ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஓரடி ஆழத்தில் ஓர் ஆங்கிள் ரேக் போதும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி மேலே இருக்கட்டும். வாரியல் உள்ளே போகவும், தண்ணீர் வந்தால் நனையாமல் இருக்கவும் அது உதவும். கனமானது கீழே. மேல் முனையை ஒரு கொக்கியில் கட்டிவையுங்கள், பிள்ளைகள் பிடித்து ஏறுவார்கள்.

திறந்த ரேக்கில் ஆனி, ஆடியில் ஒரு தொல்லை உண்டு. தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக இறங்கும் மாதங்களில் ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்துக்கு வீட்டுக்குள் புழுதி வரும். பழைய நூல் வேட்டியை வெட்டி ஸ்பிரிங் கம்பியில் திரையாகத் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை உதறினால் போதும்.

அடுக்களை

இந்தப் பக்கத்து வீடுகளில் இடத்தை அதிகம் தின்பது பாத்திரம்தான். சீர்ப் பாத்திரம், விசேஷத்தில் வந்தது, வருசம்தோறும் பிறந்த வீட்டுப் பொங்கல் சீரான பொங்கப்படியோடு வருவது. ஐந்து பேருக்குத் தினம் புழங்க வேண்டியவை: 5 லிட்டர் குக்கர் ஒன்று, 3 லிட்டர் ஒன்று, குழம்புக்கும் கூட்டுக்கும் இரண்டு சட்டி, இருப்புச்சட்டி, தோசைக்கல், இட்லிக் கொப்பரை, பால் பாத்திரம், மாவு வைக்க இரண்டு தூக்கு, தட்டும் டம்ளரும் எட்டு எட்டு. பத்துப் பேர் வந்தால் வாழையிலை இருக்கிறது. விசேஷத்துக்கு அண்டாவும் குண்டானும் வாடகைக்குக் கிடைக்கும். வருசத்துக்கு ஒருநாள் தேவைப்படுவதற்கு 365 நாளும் இடம் கொடுக்கவேண்டாம். பொங்கப்பானையும் வெண்கல உருளியும் விதிவிலக்கு. அவற்றைக் கவிழ்த்து வைக்காமல், உள்ளே சின்ன பாத்திரங்களை அடுக்கி, பெட்டியாகப் பயன்படுத்துங்கள்.

பெயர் வெட்டிய பாத்திரத்தை ஆச்சி இல்லாத நேரம் பார்த்து விற்பது பெரிய தப்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் அவர் அம்மா இருப்பார், அண்ணன் இருப்பார். “இது எதுக்கு ஆச்சி?” என்று கேட்டால் அவர் காரணம் சொல்லத் தொடங்குவார். “ஆச்சி, இந்தக் குத்துப்போணிய யாருக்குக் குடுக்கலாம்?” என்று கேட்டால் யோசித்து ஒரு பேத்தியின் பெயரைச் சொல்வார். இரண்டரை அடி டிரங்குப்பெட்டி ஒன்றை அவருக்கே விட்டுவிடுங்கள். அதற்குள் என்ன இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

விற்பதென்று முடிவானால் பித்தளை, வெண்கலம், செம்பு மூன்றையும் வீட்டிலேயே தனித்தனியாகப் பிரித்து, எடை போட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மூன்றுக்கும் விலை வேறு. கலந்து தராசில் ஏறினால் எல்லாமே மலிவான விலைக்குப் போகும். பழைய எவர்சில்வருக்குக் கிடைப்பது சொற்பம். அதைத் தேவைப்பட்ட குடும்பத்துக்குக் கொடுப்பதே நல்லது.

வருவதை நிறுத்தாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் பயனில்லை. பிறந்த வீட்டில் மார்கழிக்கு முன்பே சொல்லிவிடவேண்டும்: “யம்மா, இந்த வருசம் பொங்கப்படிக்குப் பாத்திரம் வாங்காண்டாம். அரிசி, கருப்பட்டி, பனங்கெழங்கு போதும்.” தின்று தீர்வதைக் கேட்டால் கொடுக்கிறவர் மனமும் நிறையும். தை பிறந்தபின் சொன்னால் பாத்திரம் வாங்கி, பெயரும் வெட்டியிருப்பார்கள்.

அரிசி இரண்டு வேளைச் சோறு, ஒரு வேளை பலகாரம் என்ற கணக்கில் ஐந்து பேருக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஆகும். 25 கிலோ சிப்பம் மூன்று வாரம் வரும். அதைக் கொட்டிவைக்க 35 லிட்டர் டிரம் போதும். வருசத்துக்கு உளுந்தும் துவரையும் வாங்கிப் போடுவது அரங்கு பெரிதாக இருந்த காலத்து வழக்கம். இன்று தெருமுனைக் கடை அதை உங்களுக்காக வைத்திருக்கிறது. மாதத்துக்கு மேல் வாங்கினால் மழைக்காலத்தில் வண்டு விழும். கருப்பட்டியை மட்டும் வெயில் காலத்தில் வாங்கி, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைக்கலாம். மழை ஈரம் பட்டால் கசிந்து ஒழுகும்.

சிலிண்டரைச் சுற்றிச் சாமான் அடைக்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவும், படுப்பதும் தரையில்தான். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பது கட்டாயம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் தெருவில் சேமிப்பைக் குறைக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். ஏழெட்டுக் குடமும் வாளியும் பரப்புவதைவிட, புறவாசலில் 200 லிட்டர் டிரம் ஒன்று நான்கு சதுர அடியில் அடங்கும். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டையை நீர்மட்டத்துக்கு ஒட்டி டிரம்மின் உட்சுவரில் இடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் முட்டை அங்கேயே இருக்கும். வாரம் ஒருநாள் காலியாக்கி, உட்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்கவேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும் என்பதால் வாரக்கணக்கைத் தவறவிடக்கூடாது.

துணி

எத்தனை துணி என்பதற்குத் துவைக்கும் இடைவெளிதான் கணக்கு. ஒன்றுவிட்டு ஒருநாள் துவைக்கிறீர்கள், கார்த்திகை மழையில் காய இரண்டு நாள் ஆகிறது, உடுத்தியிருப்பது ஒன்று: ஐந்து. அவசரத்துக்கு இரண்டு சேர்த்தால் ஆளுக்கு ஏழு செட் வீட்டுத்துணி. பள்ளிச் சீருடைக்கும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டுச்சேலையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் நூல் வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் அறும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துப்போகும்.

காகிதமும் பரணும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையை மீறியபோது, ஆற்றோரத் தெருக்களில் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் நனைந்தது. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், மதிப்பெண் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே உறையில், தோள் உயரத்துக்கு மேல், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கவேண்டும். பிள்ளைகளின் நோட்டுகளில் அந்த வருசத்தில் ஆசையாக எழுதியது, வரைந்தது என ஒரு கோப்பளவு வைத்துக்கொண்டு, மிச்சத்தை முழுப் பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம்.

பரணுக்கு அட்டைப்பெட்டி ஆகாது. சுவர் ஈரமும் கரையானும் முதலில் தேடி வருவது அட்டையைத்தான். மூடியுள்ள தகரப்பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ நாலு. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, அடியில் மரச்சட்டம் கொடுத்து. ஒவ்வொன்றையும் ஓர் ஆள் தலைக்கு மேல் தூக்கி இறக்க முடியவேண்டும், பத்துக் கிலோவுக்கு மிஞ்சவேண்டாம். பெட்டியின் முகப்பில் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டி, தை ஒன்றாம் தேதி சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். எதையாவது எடுக்க இறக்கினால் கோட்டை அழித்துவிடுங்கள். அடுத்த தைக்குள் கோடு அழியாத பெட்டியை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து திறக்கவேண்டும். கார்த்திகை விளக்கு, கொலு பொம்மை போன்ற வருசச் சாமான் பெட்டிகளில் கோடு தானாகவே அழிந்திருக்கும்.