சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குடும்ப ஜெபம் நடத்துவது எப்படி

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் என்பது ரொம்ப நாளாக இரவு ஒன்பதரை மணிச் சண்டையாகத்தான் இருந்தது. பெரியவனுக்கு வீட்டுப்பாடம் முடிந்திருக்காது, சின்னவள் பாயிலேயே சரிந்து தூங்குவாள், அவர் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்பார், நான் "கண்ணை மூடுடா" என்று அதட்டிவிட்டு அதே மூச்சில் "அன்பின் பரம பிதாவே" என்று ஆரம்பிப்பேன்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. பசி என்று அழுதால் ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து உட்காரவையுங்கள், குற்றமில்லை.

பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, கொஞ்சம் வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". வேதாகமத்தில் 117ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனம்தான், அங்கே ஆரம்பியுங்கள். அப்புறம் ஆறு வசனமுள்ள 23, எட்டு வசனமுள்ள 121. வேதாகமத்தை முழுசாக வாசித்துவிடலாம் என்று ஜனவரியில் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டு நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம். புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை ஜெபத்தில் சொல்லாதீர்கள். "கர்த்தாவே, இந்த வீட்டில் சிலருக்குப் பொறுப்பைக் கொடும்" என்று நான் ஜெபித்திருக்கிறேன், அந்தச் 'சிலர்' பக்கத்திலேயே முழங்காலில் இருந்தார். கேஸ் புக் பண்ண மறந்தது பற்றிப் பேச வேண்டுமானால் அடுப்படியில் வைத்து, பெயர் சொல்லிப் பேசுங்கள். புருஷர்களுக்கும் ஒன்று உண்டு. மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காவிட்டால் உங்கள் ஜெபத்துக்கே தடை வரும் என்று பேதுரு எழுதியிருக்கிறார் (1 பேதுரு 3:7). அதே வசனத்தில்தான் இருவருமே கிருபையைச் சுதந்தரிக்கிறவர்கள் என்றும் இருக்கிறது. கிருபை என்ற பெயரில் அடியையும் மிரட்டலையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதற்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது, கூப்பிடுங்கள்.

பிள்ளைகளின் ஜெபத்தைத் திருத்தாதீர்கள். "நாளைக்கு டெஸ்ட் வேண்டாம்" என்றாலும் ஆமென் சொல்லுங்கள். ஒரு நாள் சின்னவள், "இயேசப்பா, அம்மா கத்தாம இருக்கணும்" என்றாள். ஆமென் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அன்றிலிருந்து பாட்டுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது வழக்கமாகிவிட்டது, அதுவும் பெரியவர்கள் முதலில். "காலையில் ஷூவைத் தேடும்போது உன்னை அடித்தேன், தப்பு அம்மாவுடையது" என்று நடந்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும். "நீ சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால்" என்று ஒரு வால் சேர்த்தால் அது மன்னிப்பு இல்லை. சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. எங்கள் வீட்டில் அஸ்தமித்து ஒரு மணி நேரம் ஆகிவிடும், பரவாயில்லை.

உங்களுக்கென்று தனியாக ஜெபிக்க நேரம் இல்லையே என்று குற்ற உணர்வு வந்தால் சூசன்னா வெஸ்லியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒன்பது பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்வார்கள். மிஞ்சிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை தனியாகப் பேச ஒதுக்கினார், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜானுக்கு வியாழக்கிழமை. நமக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான், சனிக்கிழமை துணி மடிக்கும்போது ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாலே போதும்.

நாட்கள் விடுபடத்தான் செய்யும். காய்ச்சல், விருந்தாளி, பரீட்சை என்று ஏதாவது வரும். மறுநாள் அதற்காக இரட்டிப்பாக ஜெபித்துக் கணக்கு நேர் செய்யாதீர்கள், கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று புலம்பல் 3-இல் இருக்கிறதே. நேற்று எங்கள் வீட்டிலும் நடக்கவில்லை, சின்னவளுக்கு வாந்தி. இன்றைக்கு 121, வாசிக்கிற முறை என் வீட்டுக்காரருடையது.