பகலில் ஃப்ளாஷ் போட்டால் படம் வெளுத்துப் போகிறதா?

உச்சி வெயிலில் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால் கண் இரண்டும் குழிக்குள் இருண்டுவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். அதைச் சரிசெய்யத்தான் பகலிலும் ஃப்ளாஷ் போடுகிறோம். போட்டதும் முகம், சட்டை, வானம், பின்னால் நிற்கிற மரம் என்று எல்லாமே வெளுத்துப்போய் வந்தால், கை நேராக ஃப்ளாஷின் பவரைக் குறைக்கத்தான் போகும். குறைத்தாலும் அப்படியேதான் வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். படத்தைக் கெடுத்தது பெரும்பாலும் ஷட்டர் ஸ்பீடு, அதாவது சென்சார்மேல் வெளிச்சம் விழ ஷட்டர் திறந்திருக்கும் நேரம்.

சந்தேகமாக இருந்தால், வெளுத்த படத்தில் இருந்த ஷட்டர், அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றையும் மேனுவல் மோடில் அப்படியே வைத்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அதிலும் வானம் வெளுத்திருந்தால் காரணம் வெயில்தான். ஃப்ளாஷ் இல்லாமல் சரியாக வந்து, போட்டால் முகம் மட்டும் வெளுக்கிறது என்றால்தான் ஃப்ளாஷைக் கவனிக்க வேண்டும்.

விஷயம் இதுதான்: ஷட்டரின் திரைகள் விலகி சென்சார் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃப்ளாஷ் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அதற்கு இடம் கொடுக்கும் உச்ச வேகம்தான் சிங்க் ஸ்பீடு, பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி. பின்னணி மங்கலாக வரட்டும் என்று அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் (அபெர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோடு) எஃப் 2.8 வைத்திருக்கிறீர்கள் (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது), ஐஎஸ்ஓ 100. நல்ல வெயிலுக்கு ஷட்டர் 1/3200 வாக்கில் ஓட வேண்டும், ஆனால் ஃப்ளாஷை ஆன் செய்ததும் கேமரா 1/250-ஐத் தாண்டாது. தேவையைப் போல 12 மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே போகிறது. பல கேமராக்களில் அப்போது ஷட்டர் எண் மினுக்கும், நாம்தான் பார்ப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஆட்டோ ஐஎஸ்ஓவை முதலில் அணைத்துவிடுங்கள். மேனுவலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அபெர்ச்சர் எஃப் 11 வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் பின்னணியை மட்டும் பார்த்து ஒரு படம். வானத்தில் நீலம் இருக்க வேண்டும், முகம் இருட்டாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம் ஃப்ளாஷை டிடிஎல்லில் (ஃப்ளாஷ் பவரைக் கேமராவே அளந்து வைக்கும் மோடு) போட்டு, அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளாஷ் காம்பென்சேஷனை மைனஸ் 1-இலிருந்து மைனஸ் 1.7-க்குள் வையுங்கள். நிழல் லேசாக மிச்சம் இருந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். முழுக்க நிரப்பினால் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

எஃப் 11-இல் பின்னணி மங்காதே என்றால் இரண்டு வழி. ஃப்ளாஷில் ஹைஸ்பீடு சிங்க் (சிங்க் ஸ்பீடைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்கும் வசதி) இருந்தால் ஷட்டரை 1/3200-க்கே கொண்டுபோகலாம், ஆனால் பவர் பயங்கரமாக அடிவாங்கும், ஆளுக்குக் கிட்டத்தில் இருந்தால்தான் எடுபடும். இன்னொன்று, லென்ஸ் முன்னால் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). எஃப் 11 வைத்த இடத்தில் எஃப் 4 வைக்கலாம். அது ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் குறைக்கும் என்பதால் ஃப்ளாஷுக்கு எஃப் 11-இல் இருந்த அதே உழைப்புதான். ஒரே ஆளைப் பக்கத்தில் நின்று எடுப்பதானால் நான் ஹைஸ்பீடு சிங்க் பக்கம்தான், ஃபில்டரைத் திருகிக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

முகம் மட்டும் வெளுத்தால் பாதி நேரம் தூரம்தான் காரணம். ஃப்ளாஷ் பாதித் தூரத்துக்கு வந்தால் வெளிச்சம் 4 மடங்கு. இரண்டடி பின்னால் போய் ஜூம் செய்தாலே பல படங்கள் சரியாகிவிடும். பின்னால் இருண்ட சுவர் இருந்தாலும் டிடிஎல் ஏமாந்து கூடுதலாக அடிக்கும், அப்போது இன்னும் ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து வைத்தால் நெற்றியும் மூக்கு நுனியும் மினுக்கும்போதே தெரிந்துவிடும்.

நடுவில் மேகம் வந்து வெயில் குறைந்தால் அபெர்ச்சரைத் தொடாதீர்கள், அதைத் தொட்டால் ஃப்ளாஷ் கணக்கும் மாறும். ஷட்டரை மட்டும் 1/100, 1/60 என்று இறக்குங்கள். பின்னணி வெளிச்சமாகும், முகத்தில் விழும் ஃப்ளாஷ் அப்படியே இருக்கும்.