புல்தரை திட்டுத் திட்டாய்க் காய்கிறதா? தெளிப்பானைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

என் முதல் புல்தரையின் ஒரு மூலை மஞ்சளாகத் தொடங்கியதும் நான் ஓடிப்போய்ப் பூச்சிமருந்து வாங்கி வந்தேன். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தேன். மஞ்சள் அசையவில்லை. ஒரு மாலை சும்மா நின்று வேடிக்கை பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: சுழலும் நீர்த் தெளிப்பான் அந்த மூலையை எட்டவே இல்லை. புல் தாகத்தில் காய்ந்துகொண்டிருக்க, நான் அதற்கு விஷம் புகட்டியிருக்கிறேன்.

ஆகவே இந்த விளக்கத்தில் பெரும்பகுதி பார்ப்பதைப் பற்றியது. மருந்து கடைசியில்தான் வரும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மண்வெட்டி அல்லது உறுதியான பழைய கத்தி, பூவாளி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, அடியும் மூடியும் வெட்டி எடுத்த ஓர் அகலமான தகர டப்பா, வெள்ளைத் தாள், உருப்பெருக்கிக் கண்ணாடி. ஒரு நோட்டும் வேண்டும். எந்த மாதத்தில் எது வந்தது என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு பாதி வேலை மிச்சம்.

படி 1: பூச்சிதானா என்று முதலில் தீர்மானியுங்கள்

காய்ந்த திட்டுகளில் நிறையவற்றுக்குப் பூச்சி காரணமே இல்லை. நடுவில் செத்துப்போய், சுற்றிலும் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக வளையம் இருந்தால் நாயின் சிறுநீர். புல்லின் நுனி மட்டும் கிழிந்து வெளுத்திருந்தால் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிட்டது. நேர்கோட்டில் காய்ந்திருந்தால் உரம் போட்ட கையைச் சந்தேகியுங்கள். பூச்சி கோடு போட்டுத் தின்பதில்லை.

தண்ணீரைச் சோதிப்பது எளிது. ஒரே அளவுள்ள காலி டப்பாக்களைப் புல்தரையில் அங்கங்கே வைத்து, அரை மணி நேரம் நீர்த் தெளிப்பானை ஓடவிடுங்கள். எந்த டப்பாவில் நீர் குறைவோ அங்கேதான் மஞ்சள் என்றால், குழாயைத் திருப்பி வைப்பதே வைத்தியம்.

படி 2: திட்டின் ஓரத்தில் உட்காருங்கள்

புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் எல்லோரும் திட்டின் நடுவில்தான் தேடுகிறார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது. தின்ன எதுவும் மிச்சமில்லாத இடத்தில் பூச்சி ஏன் இருக்க வேண்டும்? பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, புல்லை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். பிறகு ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடித்து இழுங்கள். வேர் இல்லாமல், தரைவிரிப்பைச் சுருட்டுவதுபோல் எழுந்து வந்தால் கீழே வேர்ப்புழு இருக்கலாம். பறவைகள் தினமும் ஒரே இடத்தைக் கொத்திக் கிளறுவதும் அதற்கான தடயம்தான்.

படி 3: மூன்று சோதனைகள்

முதலாவது, மண்ணை வெட்டிப் பார்ப்பது. ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக, மூன்று பக்கம் வெட்டி, புல்லை மூடிபோல் மடித்துத் திறங்கள். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணை உதிர்த்துப் பாருங்கள். பால்வெள்ளை உடல், பழுப்புத் தலை, ஆறு கால்கள், தொட்டால் அரைவட்டமாகச் சுருண்டு படுப்பது: இவை இருந்தால் அது வண்டின் குழந்தைப் பருவமான வெள்ளை வேர்ப்புழு. எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சதுர அடியில் ஐந்துக்குக் கீழ் என்றால் நன்றாக வேரூன்றிய புல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் சும்மா இருக்க முடியாது. பார்த்து முடித்ததும் மடித்த புல்லைப் பழையபடி மூடி, அழுத்தி மிதித்துத் தண்ணீர் விட்டால் அது மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, சோப்புத் தண்ணீர். நான்கு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 30 மில்லி, திரவ சோப்பைக் கலந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் பூவாளியால் ஊற்றுங்கள். வெயில் தணிந்த பிறகு செய்வது நல்லது. பத்து நிமிடம் நகராமல் உட்காருங்கள். புல்லடியில் ஒளிந்திருப்பவை எரிச்சல் தாங்காமல் மேலே ஏறி வரும். தொட்டவுடன் வளையமாகச் சுருண்டுகொள்ளும் தடித்த புழு வெட்டுப்புழு. உடலில் நீளவாக்கில் கோடுகளும், தலையில் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில ‘ஒய்’ எழுத்தும் இருந்தால் படைப்புழு. மெல்லிய நூலாம்படையோடு சிறிய புழுக்கள் வந்தால் அவை புல்லில் வலை பின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள். வெட்டுப்புழுவும் படைப்புழுவும் ஒரு சதுர மீட்டரில் ஐந்து, வலை பின்னும் புழு பதினைந்து என்பது ஏறக்குறைய நடவடிக்கை எடுக்கத் தொடங்கும் எல்லை.

பிள்ளைப்பூச்சியும் இந்தச் சோதனையில்தான் வெளிவரும். அப்பாவியான ஆளைப் பேச்சில் பிள்ளைப்பூச்சி என்கிறோம். புல்தரையில் அது அவ்வளவு அப்பாவி இல்லை. மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி, வேரை மண்ணிலிருந்து பிரித்துவிடுகிறது. காலையில் தரை பொதபொதவென்று அமுங்கினால், விரலளவு புடைத்த மண்கோடுகள் தெரிந்தால், அங்கே சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

மண்புழுக்களும் பதறி மேலே வரும். அவை எதிரிகள் அல்ல. ஓரமாய் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிச் சோப்பைக் கழுவிவிடுங்கள்.

மூன்றாவது, டப்பா சோதனை. வெயில் சுடும் இடங்களிலும், சிமெண்டு நடைபாதையை ஒட்டிய ஓரங்களிலும் புல் காய்கிறது, தண்ணீர் விட்டும் தேறவில்லை என்றால் சாறு உறிஞ்சும் சிஞ்ச் பூச்சியாக இருக்கலாம். அடியும் மூடியும் இல்லாத டப்பாவை, சுமார் 15 சென்டிமீட்டர் அகலமுள்ளதாக இருந்தால் வசதி, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் அழுத்தி நீர் நிரப்புங்கள். நீர் வடிய வடிய மீண்டும் ஊற்றிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடத்துக்குள் அவை மிதந்துவிடும். வளர்ந்தவை கறுப்பு உடலும் வெள்ளைச் சிறகுமாக நான்கைந்து மில்லிமீட்டர் நீளம். குஞ்சுகள் செந்நிறத்தில், முதுகின் குறுக்கே வெள்ளைப் பட்டையுடன் இருக்கும். அந்த அளவு டப்பாவில் மூன்று நான்கு மிதந்தாலே சதுர அடிக்குப் பதினைந்து இருபது என்று கணக்கு. அது அதிகம்தான்.

படி 4: செடி, புதர், மரம்

இங்கே பூச்சியைத் தேடும் முன் காயத்தைப் படியுங்கள். ஓட்டை, கடித்த விளிம்பு, கீழே பச்சை உருண்டைகளாக எச்சம் என்றால் மென்று தின்னும் புழு. இலை சுருண்டு, மஞ்சள் புள்ளி விழுந்து, பிசுபிசுவென்று ஒட்டினால் சாறு உறிஞ்சி. தண்டில் துளையும் அதன் அடியில் மரத்தூளும் என்றால் துளைப்பான். கம்பஸ் வைத்து வெட்டியதுபோல் சுத்தமான அரைவட்டங்கள் மட்டும் காணாமல்போயிருந்தால் விட்டுவிடுங்கள். இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துப் போயிருக்கிறது, செடிக்கு நட்டமில்லை.

சாறு உறிஞ்சிகளில் தளிர்நுனியில் கூட்டமாக அப்பியிருப்பது அசுவினி, பஞ்சு ஒட்டியதுபோல் கணுக்களில் இருப்பது மாவுப்பூச்சி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் கொப்புளம் செதில் பூச்சி, செடியை உலுக்கினால் வெள்ளைத் தூசியாகப் பறப்பது வெள்ளை ஈ. இவை கழிக்கும் இனிப்பு நீர்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை புகைபிடித்ததுபோல் ஆகும். அந்த இனிப்புக்காக எறும்புகள் வரும். வந்ததோடு நில்லாமல், பூச்சியைத் தின்ன வருபவற்றை விரட்டவும் செய்யும். எனவே எறும்பு வரிசையாக ஏறும் செடியில் மேலே அண்ணாந்து பாருங்கள். மரத்தின் அடியில் தாளைச் சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை தடவி எறும்பின் வழியை மறித்தாலே பாதிக் கூட்டம் குறையும்.

இலை மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் அதை வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடந்தால் சிலந்திப்பேன். அதற்கு எட்டுக் கால்கள். பூச்சி இனமே அல்ல. பல பூச்சிமருந்துகள் அதைக் கொல்லாமல், அதைத் தின்னும் உயிர்களைக் கொன்று அதன் கூட்டத்தைப் பெருக்கிவிடுகின்றன.

படி 5: நண்பனை நசுக்காதீர்கள்

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் குஞ்சுப் பருவத்தைத் தெரிந்தவர்கள் குறைவு: கறுப்பாய், ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலையைப் போல. அதைப் பார்த்து அலறி நசுக்குபவர்கள் ஏராளம். இன்னொரு வகைப் பொறிவண்டான கிரிப்டோலேமஸின் குஞ்சு மாவுப்பூச்சி வேஷத்திலேயே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்னும். பெரிதாகவும் வேகமாகவும் நகர்ந்தால் அது நம் ஆள். பழுப்பாய் உப்பி அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிக்குள் சிறு குளவியின் குஞ்சு வளர்கிறது என்று பொருள். அத்தகையவை பல தென்பட்டால் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

இதை நம்பத் தயங்குபவர்களுக்கு ஒரு பழைய கதை: கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைத் தருவித்தார்கள். சில நூறு வண்டுகளில் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் செதில் பூச்சி அடங்கியது.

படி 6: கட்டுப்படுத்துதல், மென்மையானதிலிருந்து தொடங்கி

புல்லுக்கு முதலில் பராமரிப்பு. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, அதிகாலையில் ஆழமாக ஊற்றி இடைவெளி விடுவது வேரைக் கீழே இழுக்கும். புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே காய்ந்த தண்டும் வேரும் மெத்தையாகி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வாரி எடுங்கள். சிஞ்ச் பூச்சிக்கு அதுதான் குடியிருப்பு. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இளந்தளிர் மிகுந்து அசுவினிக்குக் கொண்டாட்டம்.

செடியில் அசுவினிக்கும் சிலந்திப்பேனுக்கும் ரப்பர் குழாயின் வேகமான நீரே முதல் மருந்து. இலையின் அடிப்பக்கம் படும்படி, சில நாட்களுக்கு ஒருமுறை பீய்ச்சுங்கள். மாவுப்பூச்சியைச் சாராயச் சத்தில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். செதிலைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்: லிட்டருக்கு ஐந்து மில்லி, கூடவே நீரோடு கலக்கச் சில துளி சோப்பு. முதலில் நாலைந்து இலைகளில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். கருகவில்லையென்றால் மாலையில் முழுச் செடிக்கும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் பூச்சிக்கு முன் இலை போய்விடும்.

புழுக்களுக்கு பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் இரண்டு நிபந்தனைகள். புழு அதைத் தின்ன வேண்டும், புழு சிறியதாக இருக்க வேண்டும். வெயில் அதைச் சிதைப்பதால் இதற்கும் மாலைதான்.

வேர்ப்புழுவுக்கு ஹெட்டெரோராப்டிடிஸ் வகை நூற்புழுக்களை மண்ணில் விடலாம். அவை உயிருள்ள சரக்கு என்பதை மறக்காதீர்கள். வாங்கியதும் பயன்படுத்துங்கள்; மண்ணை முன்பே நனையுங்கள்; தெளிப்பானின் நுண்ணிய வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் அதிலேயே சிக்கிச் சாகும். விட்டபின் மறுபடி நீர் ஊற்றி, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். வேர்ப்புழுக்கள் குஞ்சாக மேல்மண்ணில் இருக்கும் பருவத்தில்தான் பலன். தடித்து முற்றிய புழுவிடம் எந்த மருந்தும் எளிதில் எடுபடுவதில்லை.

இரசாயன மருந்து என்ற முடிவுக்கு வந்தால், எண்ணிக்கை எல்லை மீறிய இடத்துக்கு மட்டும் போடுங்கள். முழுத் தரைக்கும் வேண்டாம். மருந்துப் புட்டியின் சீட்டில் உங்கள் பூச்சியின் பெயரும் புல்தரை என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றில்லாத நேரம். தரை உலரும்வரை குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ளே வரக்கூடாது. புல்லுக்கு நடுவே பூத்த களைகள் இருந்தால் முதலில் வெட்டி, பூக்களை அகற்றுங்கள். செடிக்குள் ஊடுருவும் இமிடாகுளோபிரிட் போன்றவை மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். தேனீக்களுக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதன் திறந்தவெளிப் பயன்பாட்டைத் தடை செய்தது.

படி 7: பத்து நாள் கழித்து

அதே ஓரத்தில், அதே டப்பாவோடு மறுபடி உட்காருங்கள். முன்பு எழுதிய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். குறைந்திருந்தால் நிறுத்திவிடலாம். குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். படி ஒன்றுக்குப் போய், பூச்சியைச் சரியாக அடையாளம் கண்டோமா என்று பாருங்கள். செத்த திட்டில் புதுப்புல் பதிப்பதற்கு முன்னும் ஒரு முறை மண்ணை வெட்டிப் பார்த்துவிடுங்கள்.